புதுப்பிப்பு: மனைத் திட்டத்துக்கான நீர்த்தர அனுமதி கிடைத்துவிட்டது

அமெரிக்காவில் காலி நிலத்தை மனைகளாக்க என்னென்ன நீர்த்தர அனுமதி வேண்டும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அனுமதி கைக்கு வந்து மண்வேலையும் தொடங்கிவிட்டது.

முதலில் பார்க்க வேண்டியது ஒரு ஏக்கர் கணக்கு. அந்த அளவோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறினால், தூய நீர்ச் சட்டப்படி பொதுவாக மழைநீர் அனுமதி தேவை. அரை ஏக்கர்தானே என்று விட்டுவிட முடியாது. பெரிய திட்டத்தின் ஒரு துண்டு என்றால் அதுவும் சேரும். மண் எப்படி வெளியே போகாமல் தடுக்கப்போகிறோம் என்ற திட்ட அறிக்கை வேலைக்கு முன்பே தயாராக வேண்டும்.

சதுப்பு நிலம் இருந்தால் கதை வேறு. அதில் மண் கொட்ட அதே சட்டத்தின் 404-ஆம் பிரிவின் கீழ் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும், அதோடு நீர்த்தரம் கெடாது என்று மாநிலம் தரும் 401-ஆம் பிரிவுச் சான்றும் வேண்டும். 2023-இல் உச்ச நீதிமன்றம் சாக்கெட் என்பவர்களின் வழக்கில், இந்த மத்தியச் சட்டம் எந்தச் சதுப்பு நிலங்களுக்குப் பொருந்தும் என்ற வரம்பைச் சுருக்கியது. ஆனாலும் சில மாநிலங்களின் சொந்தச் சட்டம் இன்னும் கடுமையானது, விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் வண்டல் தடுப்புத் துணி. குச்சியில் கட்டி நிறுத்தினால் மட்டும் போதாது. அடிவிளிம்பைப் பள்ளம் தோண்டிப் புதைத்து, மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு அடிவழியே நழுவி ஓடைக்குப் போய் மீன் முட்டைகளை மூடிவிடும். இதற்காகத்தான் இத்தனை விதிகளும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

வேலை முடிந்து, புல் பிடித்து மண் நிலைத்ததும் மழைநீர் அனுமதியை முடித்துக்கொள்வதற்கான முடிவு அறிவிப்பைக் கொடுத்துவிடுங்கள். அதுவரை ஆய்வும் பதிவேடும் உங்கள் பொறுப்புதான்.