லேயில் இறங்கிய மறுநாளே நுப்ரா, அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா?

குளச்சல்காரன்:
அம்மாவும் அப்பாவும் செப்டம்பரில் ஒரு குழுவோடு லடாக் போகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி, அங்கிருந்து விமானத்தில் லே. மறுநாள் காலையே கர்துங்லா கணவாய் ஏறி நுப்ரா பள்ளத்தாக்கு, அதற்கடுத்த நாள் பாங்காங் ஏரி. அம்மாவுக்கு 61 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கடற்கரையை விட்டு அதிகம் நகராதவர். கூட்டிப்போகிறவர்கள் ஸ்வெட்டர், கையுறை, குல்லா என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அது போதுமா? வேறு என்ன வாங்க வேண்டும்?

தக்கலை அக்கா:
தம்பி, துணியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பயணத் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காலையில் விமானத்தில் போய் இறங்குகிற உடம்புக்கு இது எதுவுமே தெரியாது. மறுநாளே 5,300 மீட்டருக்கு மேலே ஏற்றுவது சரியே இல்லை. லேயில் முழுசாக இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று அடித்துச் சொல்லுங்கள்.

நானும் குழுவோடுதான் போனேன். எங்கள் வழிகாட்டி லடாக்கைச் சேர்ந்த பையன். முதல் நாள் யாரையும் படியேறக்கூட விடவில்லை. தண்ணீர் குடியுங்கள், படுங்கள், மெதுவாக நடங்கள், இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். குழுவில் ஒரு மாமா மட்டும் கேட்காமல் சாயங்காலம் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்தார். ராத்திரி தலைவலி, வாந்தி. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் தெளிந்தார். நுப்ராவுக்கு அவரால் வர முடியவில்லை, அவர் மனைவியும் கூடவே தங்கிவிட்டார். எனக்கு இன்றும் அதுதான் மனசில் நிற்கிறது. அவ்வளவு செலவழித்துப் போய், நுப்ராவின் ஹுண்டர் ஊரில் பனிமலைக்கு அடியில் விரிந்து கிடக்கும் மணல்மேட்டையும், அதில் நடக்கிற இரட்டைத் திமில் ஒட்டகங்களையும் அவர்கள் பார்க்கவே இல்லை. வருஷம் முழுக்க 100 மில்லிமீட்டர் அளவே மழை பெய்கிற இடம் அது. இரண்டு பருவமழையிலும் நனைகிற நமக்கு அந்த வெறும் மலைகளைப் பார்த்தால் கண் எடுக்கத் தோன்றாது. உங்கள் அம்மா தலைவலி இல்லாமல் அதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எங்கே ஏறுகிறோம் என்பதைவிட எங்கே தூங்குகிறோம் என்பது முக்கியம். நுப்ரா லேயைவிடத் தாழ்வு, அங்கே ராத்திரி தங்குவது நல்லது. பாங்காங் 4,200 மீட்டருக்கு மேலே, அதனால் அது கடைசியில் வரட்டும், ஒரு ராத்திரி போதும். உயரத்தில் வருகிற இந்தத் தலைவலி, வாந்தியைத் தடுக்கிற அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி அம்மாவின் டாக்டரிடமே கேளுங்கள். பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா, சல்ஃபா மருந்து அலர்ஜி உண்டா என்று அவர்தான் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை கூடவே கூடாது.

ஆரல்வாய்மொழி பட்டாளம்:
அக்கா சொல்வது முற்றிலும் சரி. ராணுவத்திலேயே 9,000 முதல் 12,000 அடிவரை முதல் கட்டம் என்று ஆறு நாள் பழக்கித்தான் மேலே அனுப்புவார்கள், அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு. இருபது வயசுப் பையன்களுக்கே அப்படி என்றால் 61 வயசு அம்மாவுக்கு? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும். வண்டியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். முடிந்தால் ஸ்ரீநகர் போய், கார்கிலில் ஒரு ராத்திரி தங்கி, சாலை வழியாக லே போகிற குழுவைப் பாருங்கள். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும்.

குளச்சல்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. இப்போதுதான் பேசினேன். லேயில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வைக்கிறார்கள், அறை வாடகையை நாங்கள் கொடுக்க வேண்டுமாம், சரி என்றுவிட்டேன். பாங்காங்கையும் கடைசிக்குத் தள்ளியாயிற்று. அம்மாவுக்குச் சம்பா அரிசிச் சோறு இல்லாமல் முடியாது. கொஞ்சம் அரிசி கொடுத்துவிடலாமா?

தக்கலை அக்கா:
வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சம்பா அரிசி வேகாது. தங்குமிடத்தில் வெள்ளைச் சோறும் பருப்பும் கிடைக்கும். துக்பா என்று காய்கறி போட்ட நூடுல்ஸ் சூப் ஒன்று உண்டு, குளிருக்கு அருமை. அவலும் கருப்பட்டியும் கொடுத்துவிடுங்கள், வண்டியில் போகும்போது உதவும். தேங்காய் எண்ணெயும் சின்ன வாயகன்ற டப்பாவில் வேண்டும். உறைந்து கட்டியாகிவிடும், ஆனால் உதட்டிலும் மூக்கு ஓரத்திலும் தடவ அதைவிட நல்லது இல்லை, காற்று அவ்வளவு வறட்சி. அப்புறம் நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. இரண்டு பேரில் ஒருவருடைய எண்ணையாவது இப்போதே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள்.