வீட்டை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரம்: கழிப்பதா, அகற்றுவதா?

மூன்றாம் குறுக்குத்தெரு:

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் தென்புறநகரில், ஒரு கிரவுண்டு மனையில் எங்கள் வீடு இருக்கிறது. தெருவோர மதிலிலிருந்து நான்கடி உள்ளே, 1986-இல் என் தந்தையார் நட்ட தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. மார்பளவு உயரத்தில் நூலைச் சுற்றி அளந்தபோது அடிமரத்தின் சுற்றளவு ஒன்பதடி வந்தது. ஒரு பெருங்கிளை எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலாகவும், மற்றொன்று பக்கத்து வீட்டுக் கார் கொட்டகைக்கு மேலாகவும் நீண்டிருக்கின்றன.

சென்ற ஆண்டு மழைநீர் வடிகாலுக்காக மதிலை ஒட்டித் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். மரத்திலிருந்து அது ஐந்தடித் தூரம் இருக்கும். இந்தக் கோடையில் மரம் முழுவதும் தளிர்த்துவிட்ட பிறகும் தெருப்பக்கத்துக் கிளைநுனிகள் சில மொட்டையாகவே நிற்கின்றன. மரம் தெருவை நோக்கி முன்பைவிடச் சற்றுச் சாய்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாமலும் போகலாம்.

மரம் வெட்டுபவர்கள் மூவரை அழைத்துக் காட்டினேன். ஒருவர், எல்லாக் கிளைகளையும் பாதியில் வெட்டி மொட்டையடித்துவிட்டால் பத்தாண்டுகளுக்குக் கவலையில்லை என்று கூறி 14,000 ரூபாய் கேட்டார். இரண்டாமவர் அடியோடு அகற்ற 40,000 ரூபாய் கேட்டார். மூன்றாமவர், மரத்துண்டுகளை அவரே எடுத்துக்கொள்வதானால் 15,000 ரூபாய்க்கு அகற்றித் தருவதாகவும், ஒரே நாளில் முடித்துவிடுவதாகவும் சொன்னார். என் தாயார் எதற்கும் இசையவில்லை. அந்த நிழல் இல்லாவிட்டால் மாடியறையில் பகலில் இருக்க முடியாது என்பதும் உண்மைதான். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கவாத்துக்கத்தி:

ஐயா, மொட்டையடிக்கும் யோசனையை முதலில் கைவிட்டுவிடுங்கள். மூன்றில் விலை குறைவானதும் அதுதான், பின்னால் அதிகச் செலவு வைப்பதும் அதுதான். பெருங்கிளையை நடுவில் வெட்டினால் வெட்டுவாயைச் சுற்றி ஒரே ஆண்டில் இருபது முப்பது போத்துகள், அதாவது புதுக்கிளைகள், கிளம்பும். மரம் முன்பைவிடச் செழித்திருப்பதாக நமக்குத் தோன்றும். ஆனால் அந்தப் போத்துகள் மரத்தின் உள்வைரத்திலிருந்து வராமல் பட்டையை ஒட்டிய மேல்தசையிலிருந்து மட்டுமே வருவதால் அவற்றுக்குப் பிடிப்புக் குறைவு. கீழே வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்க, மேலே போத்து தொடைப்பருமன் ஆகும். ஐந்தாறு ஆண்டுகளில் உங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் இன்றைக்கு இருப்பதைவிட ஆபத்தான கிளைகள் நிற்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கிளையைப் பற்றிய செய்தியன்று, பள்ளத்தைப் பற்றியது. சுற்றளவு ஒன்பதடி என்றால் குறுக்களவு ஏறத்தாழ மூன்றடி. மரத்தின் வேர்ப்பரப்பைக் காப்பதற்குக் குறுக்களவைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்தை ஆரமாகக் கொள்வது வழக்கம். உங்கள் மரத்துக்கு அது முப்பத்து நான்கடிக்கு மேல் வருகிறது. அதாவது வேர் உங்கள் மனையையும் தாண்டித் தெருவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அடியில் போயிருக்கும். அவ்வளவையும் காப்பாற்ற நகரத்தில் யாராலும் முடியாது, அது வேறு விஷயம். குறுக்களவைப் போல மூன்று மடங்குக்குள், உங்கள் கணக்கில் எட்டரை அடிக்குள், வேர் வெட்டுப்பட்டால் மரம் நிற்பதற்கான பிடிமானமே குறைகிறது என்பதுதான் இங்கே முக்கியம். உங்கள் பள்ளம் ஐந்தடியில் இருக்கிறது. மரத்தின் வேர் ஆழமாகப் போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேயே பரவுகின்றன என்பதால் வடிகால் பள்ளம் ஒன்றே ஒரு பக்கத்து வேர்களை ஏறக்குறைய முழுவதுமாக அறுத்துவிடும்.

எனவே இப்போதைக்கு ரம்பத்தை எடுக்க வேண்டாம், மண்வெட்டியை எடுங்கள். மதிலுக்கும் மரத்துக்கும் இடையே கையால் மெதுவாக மண்ணை விலக்கி, பெரிய வேர்களின் முனை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெட்டுப்பட்ட முனை கெட்டியாக, புதுப்பட்டை மூடத் தொடங்கியிருந்தால் நல்லது. பழுப்பாகவோ வெளுத்தோ, விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கினால் நல்லதன்று. தெருவுக்கு எதிர்ப்பக்கத்து மண்ணில் வில்போல வளைந்த வெடிப்போ மேடோ தெரிகிறதா என்று பாருங்கள். சாய்வு புதியதா, இளமையிலேயே வெளிச்சத்தைத் தேடி வளைந்ததா என்பதை அது சொல்லிவிடும். அடிமரத்தைச் சுற்றி, உள்ளே அழுகல் இருப்பதைக் காட்டும் தட்டுக்காளான் இருக்கிறதா என்று பார்த்த பின், மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். முரசுபோல் ஒலித்தால் உள்ளே பொந்து இருக்கலாம், அந்த இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவையுங்கள்.

வேர் நன்றாக இருந்தால் மரத்தை வைத்துக்கொண்டு கவாத்து செய்யலாம். அதிலும் ஓராண்டில் உயிருள்ள இலைத்திரளில் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. நாற்பது வயதை நெருங்கும் மரத்துக்கு அதுவும் அதிகமே.

வர்தா கண்டவள்:

மேலே எழுதியவர் சொல்லும் மொட்டைக் கதையை நாங்கள் வாழ்ந்தே பார்த்தோம். எங்கள் வீட்டுப் பெருங்கொன்றையை 2011-இல் மொட்டையடித்தோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, போத்தாக வந்து தடித்திருந்த கிளைகள் ஒவ்வொன்றாக வெட்டுவாயோடு பிய்ந்து விழுந்தன. விழுந்த இடங்களில் உள்ளே கறுத்துப் போயிருந்த குழியைக் கண்டோம். அடிமரம் விழவில்லை. மறுநாள் அதையும் நாங்களே வெட்ட வேண்டியதாயிற்று.

எனவே என் கருத்து சற்றுக் கடுமையானது. தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, செம்மயிற்கொன்றை ஆகியவற்றை வீட்டு மனையில் வைத்துக் காப்பாற்றுவதில் பொருளில்லை. தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நூறடி அகலத்துக்கும் குடைவிரிக்கக் கூடியது. நாற்பதுக்கு அறுபதடி மனையில் அதை நடுவது யானைக்குட்டியை வீட்டில் வளர்ப்பது போன்றது. இப்போதே அகற்றிவிட்டு மகிழமோ புன்னையோ நடுவதே நல்லது.

கவாத்துக்கத்தி:

அம்மா சொல்வதில் மனையின் அளவைப் பற்றிய பகுதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். தந்தையார் நட்ட மரத்தைப் பற்றி இப்படிச் சொல்வதற்கு அந்த நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும், இடம் தவறுதான். ஆனால் வெளிநாட்டு மரம் என்பதனால் விழுகிறது என்ற முடிவை ஏற்கத் தயக்கம் உண்டு. வர்தாவில் வேம்பும் விழுந்தது, புங்கமும் விழுந்தது. ஒருபக்கம் மதில், ஒருபக்கம் தார்ச்சாலை, அடிமரத்தின் கழுத்து வரைக்கும் சிமெண்டு என்று வேருக்கு இடமில்லாமல் செய்தால் எந்த நாட்டு மரமும் நிற்காது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன்: நெகிழிப் பையில் நெடுநாள் வைத்திருந்த கன்றின் வேர் பைக்குள்ளேயே சுருண்டுவிடுகிறது. அதைப் பிரித்துவிடாமல் நட்டால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சுருள் அப்படியே இருக்கும். புயலில் புரண்ட மரங்களின் அடியில் பானை வடிவத்தில் வேர்க்கட்டியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஏணிப்படி:

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக மரம் கழிக்கும் வேலைகளை ஏற்று நடத்துகிறேன். முடிவு எதுவாயினும், 15,000 ரூபாய்க்கு ஒரே நாளில் முடிப்பதாகச் சொன்னவரிடம் கொடுக்க வேண்டாம். ஒரே நாளில் முடிப்பதானால் துண்டுகளைக் கயிற்றில் இறக்கமாட்டார், அப்படியே விழவிடுவார். ஓரடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கிளை ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். அது இருபதடி உயரத்திலிருந்து விழுந்தால் உங்கள் மதிலும் பக்கத்து வீட்டுக் கொட்டகையும் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெருக்கமான மனையில் மரத்தை வெட்டிச் சாய்ப்பது என்ற பேச்சே கிடையாது. நுனியிலிருந்து தொடங்கி, கப்பியும் வடமும் கட்டி, துண்டுதுண்டாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். மேலே ஒருவர் வெட்டுவார். கீழே ஒருவர் வடத்தை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்து மெதுவாகத் தளர்த்துவார். மூன்றாமவர் தெருவில் ஆட்களை நிறுத்துவார். கிரேன் வந்து நிற்க இடமிருந்தால் வேலை பாதியாகும், உங்கள் குறுக்குத்தெருவில் அது நுழையுமா என்று பாருங்கள். ஆனால் வேர் பழுதுபட்ட மரத்தில் ஆள் ஏறுவதே ஆபத்து. வேரைப் பற்றிய செய்தியை மறைக்காமல் ஏறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேசும்போது விலையைவிட இவற்றைக் கேளுங்கள்: ஏறுபவருக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் உண்டா, விபத்துக்குக் காப்பீடு உண்டா, மதிலோ ஓடோ உடைந்தால் யார் சரிசெய்வது, இலைதழையை அள்ளிச் செல்வது இந்தத் தொகையில் அடங்குமா, அடிக்கட்டையை எந்த மட்டத்தில் விடுவார்கள். பதிலை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மின்கம்பி பக்கத்தில் போகிறது என்றால் மின்வாரியத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கிளையைத் தொட வேண்டும். பச்சை மரத்தில் மின்சாரம் பாயும். கம்பியில் உரசும் கிளையை ஈரக்கயிற்றோடு இழுப்பதைவிடப் பெரிய மடமை இந்தத் தொழிலில் இல்லை.

உள்ளாட்சி அலுவலகத்திலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அனுமதி வேண்டுமா என்று கேட்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தெருவோர மரம் என்றால் அனுமதியின்றி ஒரு கிளையையும் தொடக் கூடாது. உங்களுடையது மனைக்குள் இருக்கிறது என்பதைக் காட்ட நிலப்படமும் ஒளிப்படமும் கையில் இருக்கட்டும், ஏனென்றால் ரம்பத்தின் ஓசை கேட்டதும் யாராவது புகார் கொடுப்பார்கள். கொடுப்பதும் நியாயம்தான்.

மூன்றாம் குறுக்குத்தெரு:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை மதிலை ஒட்டி மண்ணை விலக்கிப் பார்த்தேன். என் தொடையளவு பருமனுள்ள இரண்டு வேர்களும் கையளவுள்ள நான்கும் அறுபட்டிருக்கின்றன. பெரிய வேர்கள் இரண்டின் முனையும் வெளுத்து, நார் நாராகப் பிரிகின்றன. பழைய தண்ணீர்க்குழாய் மேடைக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், உள்ளங்கையளவு தட்டுக்காளான் இரண்டு அடிமரத்தில் ஒட்டியிருக்கின்றன. வீட்டுப்பக்கத்து மண்ணில் முழநீள வெடிப்பு ஒன்றும் தெரிகிறது. தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உச்சிக்கிளையில் இருக்கும் காக்கைக் கூட்டிலிருந்து குஞ்சுகள் பறந்த பிறகு செய்யலாம் என்று மட்டும் சொன்னார்.

அகற்றுவது என்று முடிவு செய்துவிட்டோம். 40,000 ரூபாய் கேட்டவர் ஏணிப்படி ஐயா சொன்ன கேள்விகள் அனைத்துக்கும் பதில் தந்தார். காப்பீட்டுத் தாளையும் காட்டினார். குஞ்சுகள் பறக்க இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். அதுவரை பொறுக்கலாமா? மேலும், தொட்டிக்கு மேலுள்ள கிளையை முன்கூட்டியே எடுத்தால் வெட்டுவாயில் எதையாவது பூச வேண்டுமா?

கவாத்துக்கத்தி:

ஆடிக் காற்று தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. இடையில் கோடைமழையோடு பலத்த காற்று வந்தால் அன்று இரவு தெருப்பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம். மரத்தடியில் வண்டியும் நிறுத்த வேண்டாம் என்று பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். நனைந்த இலைத்திரளின் எடையில்தான் தூங்குமூஞ்சியின் கிளைகள் முறிகின்றன. பாரத்தைக் குறைப்பதாக எண்ணி வீட்டுப்பக்கத்துக் கிளைகளை மட்டும் முதலில் எடுத்துவிடாதீர்கள். சாய்வு தெருவை நோக்கி என்பதால் எதிர்ப்பாரம் போய்விடும். எடுப்பதானால் தெருப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

அகற்றப் போகும் மரத்துக்கு எதையும் பூச வேண்டியதில்லை. இருக்கப் போகும் மரமானாலும் நான் பூசுவதில்லை. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, மரம் காயத்தை நம் உடலைப்போல ஆற்றிக்கொள்வதில்லை, உள்ளே சுவர் எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது என்று காட்டினார். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் தெரியும் தடித்த வளையத்தைச் சிதைக்காமல் அதற்கு வெளியே வெட்டினால் அந்த வேலையை மரமே செய்துகொள்ளும். தார் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. மாமரம் வைத்திருப்பவர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ எடுத்துப் பத்து லிட்டர் நீரில் கலந்து போர்டோ பசை பூசுவது உண்டு. தோட்டக்கலைத் துறையினரும் அதைப் பரிந்துரைக்கிறார்கள், அதோடு எனக்குச் சண்டையில்லை.

ஏணிப்படி:

ஒரு செய்தி விட்டுப்போயிற்று. அடிமரத்தை விறகுக்கென்று கொடுத்துவிடாதீர்கள். காளான் பிடிக்காத மேல்பகுதியில் கருமையான வைரம் இருக்கும். ஊஞ்சல் பலகைக்கும் மேசைக்கும் அது மிக நன்றாக உழைக்கும். வெளிப்புறத்து வெள்ளைத்தசையில் வண்டு விரைவில் ஏறும் என்பதால் அதை அறுவை ஆலையிலேயே நீக்கச் சொல்லுங்கள். வெட்டிய அன்றைக்கே துண்டுகளின் இரு முனைகளிலும் பழைய பெயிண்டைப் பூசி, நிழலில், தரையில் படாமல் கட்டைகளின் மேல் அடுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் முனையிலிருந்து வெடிப்பு ஓடிவிடும்.