துபாய் வேலைக்கு ஊர் ஏஜென்ட்கிட்ட பணம் கொடுத்தது: இது உதவியா, குத்தமா?

தொண்டிக்காரன்:
என் மச்சானுக்கு துபாய்ல டிரைவர் வேலைன்னு சொல்லி நம்ம பக்கத்து ஏஜென்ட் ஒருத்தர் 1,40,000 வாங்கினார், கையில கிடைச்சது விசிட் விசா, அங்கிட்டு போனா வேலையும் இல்ல பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சுக்கிட்டானுங்க, ரெண்டு மாசம் தவிச்சு திரும்பி வந்திருக்கான். ரசீதுன்னு இருக்கிறது ஒரு டைரித் தாள், "பணம் பெற்றுக்கொண்டேன்"னு எழுதி ஒரு கையெழுத்து, எதுக்கு வாங்கினார்னு ஒரு வார்த்தை இல்ல. ஊர்ல பாதி பேர் "பாவம், உதவி பண்ணப் போய் மாட்டிக்கிட்டார்"ங்கறாங்க. எனக்கு இது குத்தம்தான்.

கீழக்கரை காக்கா:
தம்பி, உங்க மச்சானுக்கு நடந்தது அநியாயம், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா எல்லாரையும் ஒரே தராசுல போடாதீங்க. நானும் இந்த வேலைதான் பாக்கிறேன், என் மூலமா போன புள்ளைங்க கட்டின வீடு எங்க தெருவுலயே இருக்கு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பப் பதிவு பண்ணி லைசென்ஸ் எடுன்னு சொல்றது லேசு, 50 லட்சம் பேங்க் கேரண்டி கேட்கிறாங்க, 100 பேருக்குள்ள அனுப்புற சின்ன லைசென்ஸுக்கே 8 லட்சம். அங்க கஃபில், அதாவது விசா கொடுக்கிற முதலாளி, விசாவுக்கு காசு கேட்டா அது யார் தலையில விழும்? நான் சென்னை ஆபீஸுக்கு ஆளைக் காட்டிவிடுறேன், அவ்வளவுதான்.

தொண்டிக்காரன்:
காக்கா, ஆளைக் காட்டிவிடுறதையும் சட்டம் விடல. 1983 குடிபெயர்வுச் சட்டத்துல ஆள் எடுக்கிறதுன்னா என்னன்னு எழுதியிருக்கு, விளம்பரம் போடுறது, வேலை விஷயமா ஒருத்தர்கிட்ட பேசி ஏற்பாடு பண்றது எல்லாமே அதுல வருது. "குவைத் வேலை, உடனே தொடர்பு கொள்ளவும்"னு வாட்ஸாப் ஸ்டேட்டஸ் போடுறவரும் பதிவு இல்லாம இருந்தா மாட்டுவார். பதிவு செஞ்ச ஏஜென்சியே 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் சர்வீஸ் சார்ஜா வாங்கலாம், மொத்தம் 35,400. அப்ப 1,40,000 எங்க போச்சு?

பாம்பன் பொண்ணு:
என் தம்பி ஈரான்ல போட்ல மீன்பிடிக்கப் போனான். சம்பளம்னு சொல்லி அனுப்பினாங்க, அங்க போனப்புறம் பிடிக்கிற மீன்ல பங்குன்னு சொல்லிட்டாங்க, கையெழுத்து வாங்கின பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. 2020ல கொரோனா நேரத்துல அங்கயே மாட்டி, பந்தர் அப்பாஸ்ல இருந்து கடற்படைக் கப்பல் ஜலஷ்வா ஜூலை 1ம் தேதி தூத்துக்குடிக்கு கொண்டுவந்தவங்கள்ல அவனும் ஒருத்தன். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது அரசோட அனுமதி, வேணும்ங்கிற 18 நாட்டுப் பட்டியல்ல ஈரான் இல்ல, அதனால யாரும் எதையும் பாக்காம அனுப்பிவிட்டாங்க. அனுப்பின ஆள் எங்க சொந்தக்காரர். அம்மா "விடு, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு முகத்துல முழிக்கணும்"னு சொல்லிட்டாங்க, கொடுத்த பணம் போனதுதான்.

கீழக்கரை காக்கா:
தங்கச்சி படிக்கவே கஷ்டமா இருக்கு. சரி, பதிவு இல்லாம பணம் வாங்கக்கூடாதுங்கறதை ஒத்துக்கறேன். ஆனா அந்த 8 லட்சத்தைக் குறைச்சு மாவட்டத்துக்குள்ள வேலை பாக்கிறவனுக்கு ஒரு வழி கொடுத்தா பாதி பேர் நேர்வழிக்கு வந்துருவாங்க, அதையும் கேளுங்க. இப்ப எல்லாத்தையும் மறைச்சு செய்றதாலதான் ரசீது டைரித் தாளா வருது.

தொண்டிக்காரன்:
அதைக் கேட்போம் காக்கா, நியாயம்தான். ஆனா பணம் போனவன் அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுல்ல. இந்த சட்டத்துல தண்டனை 2 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் வெறும் 2,000 ரூபாய் வரைக்கும், அதைப் பார்த்து யாரும் பயப்படப் போறதில்ல. ஏமாத்தி பணம் வாங்கினதுக்கு பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, இப்ப உள்ள குற்றவியல் சட்டம்) 318(4)ம் சேர்ந்தா 7 வருஷம் வரை போகும். இன்னொண்ணு, இந்த வழக்குக்கு பொதுவா மத்திய அரசோட முன் அனுமதி வேணும், ஆனா பாதிக்கப்பட்டவரோ, அவரோட அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்களோ புகார் கொடுத்தா அந்த அனுமதி தேவையில்ல. பாம்பன் அக்கா, நீங்களே தம்பிக்காக கொடுக்கலாம், அம்மா கையெழுத்துதான் வேணும்னு இல்ல.

பாம்பன் பொண்ணு:
இது தெரியாது. தம்பி கையெழுத்துப் போட்ட அந்தப் பேப்பரை தகரப் பெட்டியிலதான் வச்சிருக்கோம், தம்பி கடலுக்குப் போயிருக்கான், கரைக்கு வந்ததும் பேசுறேன்.

தொண்டிக்காரன்:
பேசுங்க அக்கா. நாங்க திங்கக்கிழமை ராமநாதபுரம் எஸ்பி ஆபீஸுக்குப் போறோம், டைரித் தாளோட பேங்க்ல பணம் எடுத்த பாஸ்புக் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்தாச்சு. அதே ஆள்கிட்ட கொடுத்தவங்க யாரும் இருந்தா தாளோட வாங்க.