ஷாக் அப்சர்பருக்கு ஒரு தமிழ்ப்பெயர்: முன்பக்கம் மாற்றும் வழிகாட்டிக்காக

மடல் 1, மதுரை

அனைவருக்கும் வணக்கம்.

முன்பக்க ஷாக் அப்சர்பரை வீட்டிலேயே மாற்றுவதற்கு ஒரு தமிழ் வழிகாட்டி தயாராகிறது. மாருதி ஸ்விஃப்ட் மாதிரி, முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (சுருள்வில்லும் ஷாக்கும் ஒரே கட்டாக வரும் அமைப்பு) இருக்கும் சிறு கார்களுக்கானது. படிகளில் குழப்பம் இல்லை. தலைப்பில்தான் வண்டி நின்றுவிட்டது.

எழுத்தில் கண்ணில் படுகிற 'அதிர்வு தாங்கி', 'அதிர்ச்சி உறிஞ்சி', 'அதிர்வேற்பி' மூன்றுமே ஆங்கிலப் பெயரை நம்பி ஏமாந்தவை. சக்கரம் குழியில் இறங்கும்போது அடியை வாங்குவது சுருள்வில். எடையைச் சுமப்பதும் அதுதான். எண்ணெய் முழுக்க ஒழுகிப்போன ஷாக்கோடும் வண்டி ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும். வித்தியாசம் குழியைத் தாண்டிய பிறகு தெரியும். வாங்கிய ஆற்றலை வில் திருப்பிக் கொடுக்கும், வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை ஒடுக்குவதே ஷாக்கின் வேலை. குழாய்க்குள் பிஸ்டன் நகர, சிறு துளைகள் வழியாகவும் மெல்லிய தகட்டு வால்வுகள் வழியாகவும் எண்ணெய் நெருக்கியடித்துப் போகிறது. ஆட்டத்தின் ஆற்றல் அங்கே சூடாக மாறிவிடும். மோசமான ரோட்டில் ஓடி வந்த வண்டியின் ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் கதகதப்பு கைக்குத் தெரியும்.

ஆகவே தாங்குவதும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. 'தடுப்பி' என்றாலும் தப்பு, ஆட்டத்தை ஒரேயடியாகத் தடுத்துவிட்டால் வில் இருந்து பயனில்லை. இயற்பியல் பாடத்தில் 'தடையுறு அலைவு' (மெல்ல மெல்ல அடங்கும் ஆட்டம்) என்று படித்திருப்போம். அங்கிருந்து ஏதாவது பிடிக்கலாமா?

மடல் 2, கோவை

வணக்கமுங்க.

பட்டறையில் 'ஷாக்' என்றால் போதும். 'ஷாக் போயிருச்சு', 'வண்டி தூக்கிப் போடுது', 'பாலத்துல ஏறி இறங்கினா ரெண்டு மூணு தடவ குதிக்குது' என்று வண்டிக்காரரே சொல்லிவிடுவார். வடக்கே இதை 'ஷாக்கர்' என்கிறார்கள், அதிர்ச்சி கொடுக்கிற சாமான் என்று பொருள் வருகிறது! அதனால் கடன்சொல் சரியாக இருக்க வேண்டும் என்று யாரும் கவலைப்படுவதில்லை.

ஆனால் 'ஷாக்' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. மெக்ஃபெர்சன் அமைப்பில் (1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த ஃபோர்டு கான்சலில் தொடங்கியது) எண்ணெய்க்குழாய், சுருள்வில், மேலே ரப்பர் மவுண்ட், அதற்குள் பேரிங் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தக் கட்டே திரும்பும். முழுக் கட்டுக்கும் ஷாக் என்பார்கள், உள்ளே இருக்கும் எண்ணெய்க்குழாய்க்கும் ஷாக் என்பார்கள். கடையில் 'முன் ஷாக் ரெண்டு' என்று கேட்டால் எண்ணெய்க்குழாய் மட்டும்தான் கைக்கு வரும். மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்காமல் முட்டி நிறுத்தும் ரப்பர்), தூசி பூட் (தூசி புகாமல் மூடும் உறை) எதுவும் வராது. வீட்டில் வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பிரித்த பிறகுதான் பழைய பம்ப் ஸ்டாப் ரப்பர் கையில் பொடிப்பொடியாக உதிரும். அதைப் போடாமல் மாட்டினால் புது ஷாக் குழியில் முழுக்க அமுங்கி உள்ளே இடிபட்டு, சீக்கிரமே ஒழுக ஆரம்பித்துவிடும்.

எனவே வழிகாட்டிக்கு ஒரு பெயர் போதாது, இரண்டு வேண்டும். இன்னொன்று: முன்பக்க ஷாக்கில் இடது, வலது வேறு. பிரேக் ஹோஸைப் பிடிக்கும் கிளிப் பட்டை எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மடல் 3, சென்னை

> அந்த ஆட்டத்தை ஒடுக்குவதே ஷாக்கின் வேலை

அண்ணா, பதில் உங்கள் வரியிலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'அமோர்த்திசர்' என்பார்கள், வேரில் சாகடிப்பது என்ற பொருள் இருக்கிறது. பிரிட்டிஷ் பொறியாளர்களுக்கு இது 'டேம்பர்'. அவர்கள் செயலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

என் பரிந்துரை 'துள்ளடக்கி'. துள்ளு, அடக்கி. காளை துள்ளும், அடக்குகிறோம். பட்டறையில் 'குதிக்குது' என்பதற்கும் பக்கத்தில் நிற்கிறது. விசிறி, பெருக்கி, வடிகட்டி மாதிரி இகரத்தில் முடிவதால் கருவிப்பெயராக உடனே காதில் ஒட்டும். 'தணிப்பான்', 'அடக்குவான்' போன்றவை ஆள்பெயர் போல ஒலிக்கின்றன.

மடல் 4, யாழ்ப்பாணம்

வணக்கம்.

'துள்ளடக்கி' கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வேகமாக வாசித்தால் 'உள்ளடக்கி' என்றே கண் எடுக்கும். கைபேசியில் தட்டினால் தானியங்கித் திருத்தியும் அப்படியே மாற்றிப் போடும். 'இரண்டு துள்ளடக்கிகளையும் கழற்றவும்' என்று எழுதினால் வாசிப்பவர் ஒரு கணம் நின்றுதான் போவார்.

'தாங்கி'யை விடச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பெயாரிங்குக்குத் தமிழில் 'தாங்கி' என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. இந்தக் கட்டின் தலையில் ஒரு பெயாரிங் இருக்கிறது. 'அதிர்வு தாங்கியின் தாங்கியை மாற்றுக' என்று ஒரு வரி வந்தால் வழிகாட்டி அங்கேயே முடிந்தது.

என்னுடைய தெரிவு 'தணிப்பி'. நாலே எழுத்து. அலைவைத் தணிப்பது 'தணிப்பு', கருவி 'தணிப்பி', அளவு கூடினால் 'மிகைத்தணிப்பு' என்று ஒரு குடும்பமே கிடைக்கும். காருக்கு மட்டுமில்லை, சலவை இயந்திரத்தின் தொட்டிக்குக் கீழே இருப்பதும் இதுதான். தைவானின் தைப்பே 101 கட்டடத்தின் மேல்தளங்களுக்கிடையே தொங்கும் 660 தொன் எஃகுக் குண்டும் இதே வேலைதான் செய்கிறது. ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லலாம். ண, ன குழப்பம் வரும் என்று யாராவது சொல்வீர்கள், 'தனிப்பி' என்று ஒரு சொல் இல்லாததால் பெரிய ஆபத்தில்லை.

முழுக் கட்டுக்கு 'ஊன்றுகால்'. வண்டியின் ஒரு மூலை இதன் மேல்தான் ஊன்றி நிற்கிறது. இங்கே ஓடும் யப்பான் கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பதும் இந்த ஊன்றுகால்தான், கராஜில் எல்லாவற்றையும் 'ஷொக்' என்பார்கள்.

பம்ப் ஸ்டாப்புக்குப் புதுச்சொல் ஏன்? 'முட்டுக்கட்டை' இருக்கிறதே! வில்லின் பயணம் முடியும் இடத்தில் முட்டி நிறுத்துகிற கட்டை. இதைவிடப் பொருத்தமாக இனி ஒருவர் உருவாக்கிவிட முடியாது.

மடல் 5, மதுரை

'தணிப்பி', 'ஊன்றுகால்' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். கோவை அண்ணாச்சி சொன்ன கடைப்பேச்சுக்காகத் தலைப்பில் ஒருமுறை 'ஷாக்' இருக்கும். சொல் நிற்கிறதா என்று படிகளில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். வரைவு கீழே:

"தணிப்பி தேய்ந்ததா என்று முதலில் உறுதி செய்யுங்கள். குழாயின் மேல் லேசான ஈரத்தூசி இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் கோடாக வடிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். டயரின் மேல் கையைத் தடவுங்கள், மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் சக்கரம் தரையில் ஒட்டாமல் துள்ளியிருக்கிறது. முன்மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையில் வண்டி ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும், மறுபடி மறுபடி ஆடினால் தணிப்பி செத்துவிட்டது. இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சின்னக் கற்களில் 'டக் டக்' சத்தம் மட்டும் வந்தால் தணிப்பியைக் குறை சொல்வதற்கு முன்னால் லிங்க் ராடையும் (ஸ்டெபிலைசர் ராடை ஊன்றுகாலோடு இணைக்கும் சிறு கம்பி) மேல் மவுண்டையும் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பார்.

முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை எல்லா நட்டுக்கும் அடித்து வையுங்கள். சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கிவிட்டு, முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை நீட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தூக்கினால்தான் ஸ்டெபிலைசர் ராடு (இடது, வலது பக்கங்களை இணைக்கும் கம்பி) முறுக்கில்லாமல் இருக்கும், லிங்க் ராடு எளிதாக வெளியே வரும். அதன் நட் சுற்றும்போது உள்ளே இருக்கும் குண்டும் சேர்ந்து சுற்றினால், நடுவில் ஆலன் சாவியை நுழைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள்.

பிரேக் ஹோஸையும், ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும் ஊன்றுகாலின் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். நக்கிளோடு (சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புப் பகுதி) சேரும் இரண்டு போல்ட்டும் பட்டையில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள், சக்கரச் சாய்வு அந்தப் போல்ட்டுகளில்தான் இருக்கிறது. போல்ட்டைத் தட்டி எடுத்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு கழன்றுவிடவும் கூடும். கம்பியால் கட்டி நிறுத்துங்கள்.

பானட்டுக்குள் ஊன்றுகாலின் நட்டைக் கழற்றி, ஊன்றுகாலை ஒரு கையால் தாங்கிக்கொண்டே கீழே இறக்குங்கள். வில் அமுக்கிகள் இரண்டை எதிரெதிராகப் போட்டு, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி அமுக்குங்கள். வில் தட்டிலிருந்து விடுபட்டுக் கையால் ஆட்டினால் ஆட வேண்டும். வில்லின் அச்சுக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். சிறு காரில்கூட ஒரு முன்சக்கரத்தின் பங்கு 250 கிலோவுக்கு மேல் வரும், அதைச் சுமக்கிற வில் இது.

புதுத் தணிப்பியை நிமிர்த்திப் பிடித்து, முழு நீளத்துக்கு நாலைந்து முறை மெதுவாக இழுத்து அமுக்குங்கள். படுக்க வைத்திருந்தபோது எண்ணெய்ப்பக்கம் புகுந்த காற்று மேலே போய்விடும். பளபளக்கும் தண்டை இடுக்கியால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், எண்ணெய்ச் சீல் கிழிந்து புதுசே ஒழுகும். முட்டுக்கட்டை, தூசியுறை, வில், மேல் தட்டு, பேரிங், மவுண்ட் என்ற வரிசையில் ஏற்றுங்கள். வில்லின் நுனி கீழ்த்தட்டின் படியில் ஒட்டி உட்கார்ந்ததா என்று பார்க்காமல் இறுக்காதீர்கள்."

மாட்டுவது இதற்குத் தலைகீழ்தான் என்பதால் சுருக்கமாக வைத்திருக்கிறேன். கடைசியில் வீல் அலைன்மென்ட், நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி சரிபார்ப்பது. இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறுவதால் பணிக்கையேட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

'தணிப்பி' வாக்கியத்தில் எங்கேயும் முட்டவில்லை என்று நினைக்கிறேன்.

மடல் 6, கோவை

தணிப்பி நின்றுவிட்டது. முட்டுக்கட்டையைப் படித்துச் சிரித்துவிட்டேன், இனி மாற்ற முடியாது.

> பானட்டுக்குள் ஊன்றுகாலின் நட்டைக் கழற்றி

இந்த வரியை இப்படியே விடாதீர்கள். மேலே இரண்டு வகை நட் இருக்கிறது. மவுண்டை உடம்போடு பிடிக்கும் சின்ன நட்டுகள், வண்டியைப் பொறுத்து இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றுக்கு நடுவில், தணிப்பியின் தண்டின் மேல் பெரிதாக ஒன்று. 'ஊன்றுகாலின் நட்' என்று படித்தவர் எதில் ஸ்பேனரை வைப்பார்? நடுவில் பெரிதாக இருப்பதில்தான். வில்லை அமுக்காமல் அதைக் கழற்றினால் மொத்த வில்லும் அவிழ்ந்து பறக்கும். ஊன்றுகால் கையில் வந்தபிறகு அப்படி நடந்தால் எதிரே இருப்பவரின் தாடை போய்விடும்.

இரண்டுக்கும் தனிப்பெயர் வையுங்கள். சுற்றி இருப்பவை 'மவுண்ட் நட்டுகள்', நடுவில் இருப்பது 'தண்டு நட்'. அந்த வரியை இப்படி மாற்றலாம்: "பானட்டுக்குள் மவுண்ட் நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். தண்டு நட்டை வண்டியில் இருக்கும்போது தொடாதீர்கள். வில் அமுக்கியின் பிடியில் வில் தளர்ந்த பிறகுதான் அதில் ஸ்பேனர் வைக்க வேண்டும்." அமுக்கியை இம்பாக்ட் கன்னால் (நட்டை அடித்து அடித்துச் சுற்றும் இயந்திரம்) சுற்ற வேண்டாம் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள், அதன் மரை சூடேறி அறுத்துக்கொள்ளும்.

மாட்டும் பகுதியிலும் இதே பெயர்கள்தான். புதுத் தண்டு நட்டை ஆலன் சாவியால் தண்டைப் பிடித்துக்கொண்டு, அளவு பார்த்துக் கையால் இறுக்கிய பிறகே அமுக்கியைத் தளர்த்துங்கள். கன் போட்டால் தண்டு முழுக்கச் சுற்றி, உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் நட் இளகிவிடும். பழைய தண்டு நட் திரும்ப வேண்டாம், தானே பூட்டிக்கொள்ளும் நட் ஒருமுறைக்குத்தான். வாங்க வேண்டிய பட்டியலில் தண்டு நட் 2, நக்கிள் நட் 4 என்று சேர்த்துவிடுங்கள்.