8 சேனல் டிபி25 – எக்ஸ்எல்ஆர் கேபிள்: ஒலி இடம் மாறி வருகிறது, உதவி தேவை

மாடி_ஸ்டுடியோ:
வணக்கம். ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து (கணினியோடு ஒலியை இணைக்கும் கருவி) மிக்சருக்கு எட்டு சேனல் கேபிள் ஒன்றை நானே பற்றவைத்தேன்; ஒரு முனையில் 25 பின் கொண்ட டிபி25 இணைப்பி, மறுமுனையில் சேனலுக்கு ஒன்றாக மூன்று பின் எக்ஸ்எல்ஆர் இணைப்பிகள். மல்டிமீட்டரில் எல்லா வயர்களுக்கும் தொடர்ச்சி சரியாக இருக்கிறது. ஆனால் ஒலி தவறான சேனல்களில் வருகிறது, அளவு குறைவு, இரைச்சலும் உண்டு. ஞாயிறன்று ஒலிப்பதிவு இருப்பதால் விரைவில் பதில் தேவை.

வயர்மேன்:
எந்த முனையில் ஆண் (ஊசி உள்ள) இணைப்பி, எந்த முனையில் பெண் (துளை உள்ள) இணைப்பி? எந்தப் பின் (இணைப்பு ஊசி) வரிசையைப் பின்பற்றினீர்கள்? எந்த சேனல் எங்கே வருகிறது? இவை தெரியாமல் எவரும் எதுவும் சொல்ல இயலாது.

மேடை_ஒலி:
இது யமஹா, டாஸ்காம் ஆகிய இரு நிறுவனங்களின் பின் வரிசைக் குழப்பமாகத்தான் இருக்கும். அனலாக் கருவிகள் பெரும்பாலும் டாஸ்காம் வரிசையைப் பின்பற்றுகின்றன. அதுவே 2012இல் ஏஇஎஸ் (ஒலிப் பொறியியல் சங்கம்) வெளியிட்ட ஏஇஎஸ்59 என்ற தரமாயிற்று. யமஹாவின் டிஜிட்டல் இணைப்பில் வரிசை வேறு. உங்கள் கருவியின் கையேட்டைப் பாருங்கள்.

பழைய_கை:
தொடர்ச்சி இருக்கிறது என்றால் வயர் அறுபடவில்லை என்றுதான் பொருள். சரியான இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று பொருளல்ல. இதைக்கூட அறியாதவர்கள் எட்டு சேனல் கேபிளில் கை வைக்காமல், ஒரு மைக் கேபிளில் பழகிவிட்டு வருவது நல்லது.

மாடி_ஸ்டுடியோ:
இன்டர்ஃபேஸ் பக்கம் ஆண் டிபி25, மறுமுனையில் எட்டு ஆண் எக்ஸ்எல்ஆர். டாஸ்காம் படத்தைப் பார்த்தே செய்தேன். மிக்சரின் 1ஆம் சேனலில் 7ஆம் சேனலின் ஒலி கேட்கிறது, 2இல் 6, 3இல் 5. நான்காவது மட்டும் தன் இடத்தில் வருகிறது. 8இல் எதுவுமில்லை.

மேடை_ஒலி:
இரைச்சலுக்குக் காரணம் ஷீல்டை (வயர்களைச் சுற்றியுள்ள உலோகக் கவசம்) இரு முனையிலும் சேர்த்ததுதான். மிக்சர் பக்கம் துண்டித்துவிடுங்கள்.

வயர்மேன்:
ஷீல்டைத் தொட வேண்டாம். அவர் கொடுத்த எண்களைக் கூட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு இணையும் எட்டு, அதாவது வரிசை தலைகீழாகியிருக்கிறது. நீங்கள் பார்த்த படம் ஆண் இணைப்பியின் முகப்பைக் காட்டுவது. பற்றவைப்பதோ அதன் முதுகில், அங்கே இடமும் வலமும் மாறிவிடும். ஒவ்வொரு சேனலிலும் ஒலியைக் கொண்டுசெல்லும் இரு வயர்கள் ஹாட், கோல்டு; முதல் சேனலுக்கு ஹாட் 24, கோல்டு 12, ஷீல்டு 25 என்பது வரிசை. திருப்பி எண்ணினால் அவை 15, 2, 14 ஆகிய பின்களுக்குப் போகின்றன. 15 ஏழாம் சேனலின் ஹாட். 2, 14 இரண்டும் எட்டாம் சேனலின் ஷீல்டும் கோல்டும். நான்காம் சேனலின் ஹாட் வரிசையின் நடுவில், 7ஆம் பின்னில் இருப்பதால் எப்படி எண்ணினாலும் இடம் மாறாது. எட்டாம் சேனலின் ஹாட் 13ஆம் பின்னில் விழுந்திருக்கிறது; அது இவ்வரிசையில் காலி. கோல்டு எல்லாம் எக்ஸ்எல்ஆரின் 1ஆம் பின் வழியே மிக்சரின் உடலோடு சேர்ந்துவிட்டதால் ஹாட்டுக்கும் கோல்டுக்கும் இடையிலான சமநிலை கெட்டு, பல வகை வெளியீடுகளில் 6 டெசிபல் குறையும்; இரைச்சலும் அதனால்தான். தொடர்ச்சி பார்த்தபோதும் அதே தலைகீழ் எண்ணிக்கையில் பார்த்திருப்பீர்கள், ஆகவே எல்லாம் சரியென்று காட்டியிருக்கும். உடனே இணைப்பைக் கழற்றுங்கள். வெளியீடுகளின் ஒரு கால், அதாவது கோல்டு, தரையோடு (கிரவுண்ட்) சேர்ந்திருக்கிறது.

பழைய_கை:
சரியான கணிப்பு. வயரைப் பற்றவைக்கும் கிண்ணங்களின் அருகே பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். படத்தை நம்பாமல் அவற்றை நம்பியிருந்தால் இந்த உரையாடல் இழையே தேவைப்பட்டிருக்காது.

மேடை_ஒலி:
இருந்தாலும் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் சேர்ப்பதே மேடையில் பாதுகாப்பு.

பழைய_கை:
அது பழைய வைத்தியம். ஏஇஎஸ்48 என்ற தரம், 2005இலேயே ஷீல்டை இரு முனையிலும் கருவியின் உலோக உடலோடு சேர்க்கச் சொல்கிறது. உள்ளே சர்க்யூட்டின் தரையோடு 1ஆம் பின்னைச் சேர்த்த கருவியில்தான் இரைச்சல் வரும். அது கருவியின் குறை, கேபிளின் குறையல்ல.

மேடை_ஒலி:
அப்படிப்பட்ட கருவிகள்தாம் பல அரங்குகளில் இருக்கின்றன. கருவியை மாற்றச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை.

வயர்மேன்:
இதைத் தனி இழையில் தொடருங்கள். மாடி ஸ்டுடியோ, பழைய இணைப்பியை வெட்டிவிட்டுப் புதியதில் செய்யுங்கள். மீண்டும் மீண்டும் சூடேற்றினால் பிளாஸ்டிக் இளகிப் பின்கள் சாயும். பற்றவைக்கும்போது ஒரு பெண் இணைப்பியில் செருகி வைத்தால் அவை நேராக நிற்கும்.

மாடி_ஸ்டுடியோ:
எண்களைப் பார்த்துப் புதிய இணைப்பியில் செய்துவிட்டேன். எட்டும் வருகின்றன, இரைச்சல் இல்லை. நன்றி.