காலிக் கோட்டையில் அழித்த படம்

"காலிக்குப் போகிறேன்" என்று அலுவலகத்தில் சொன்னதும் "எதைக் காலி பண்ணப் போற?" என்று கேட்டார்கள். இலங்கையின் தென்கரையில் உள்ள அந்தக் கோட்டை ஊருக்குத் தமிழில் பெயரே காலிதான். போர்த்துகீசியர் 1588-ல் தொடங்கிய கோட்டை. 1640-ல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் கைக்கு மாறி, அவர்கள் கற்சுவர் எழுப்பிப் பெரிதாக்க, 1796-ல் ஆங்கிலேயரிடம் போனது. பழைய வாசலின் உட்புறத்தில் 1669 என்று ஆண்டு பொறித்த ஒல்லாந்து கம்பெனி முத்திரையும் அதன் மேல் ஒரு சேவலும், வெளிப்புறத்தில் ஆங்கிலேய முத்திரையும் இருக்கின்றன. ஒரே வாசலில் இரண்டு முதலாளிகள்.

நானும் மனைவியும் பிப்ரவரியில் மூன்று நாள் தங்கினோம். அவளுக்கு ஊர் பார்க்க வேண்டும், எனக்குப் படம் எடுக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே வேலை இல்லை என்பது கல்யாணமான படக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் விடியலைச் சொதப்பியது நானேதான். இரவு முழுக்க ஏசி ஓடிய அறையில் காமிராவை மேசைமேல் வைத்துவிட்டு, அஞ்சரைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். கடற்காற்று பட்டதும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடி படிகிறது. உள்பக்கமும் படிந்திருந்தால் துடைக்கவும் வழியில்லை. கிழக்கே விரிகுடாவுக்கு அப்பால் சூரியன் எழுந்து, சிவந்து, வெளுத்து முடியும்வரை கையில் குருட்டுக் கண்ணோடு நின்றேன். மறுநாள் முதல் காமிராவை ஒரு ஜிப் பையில் போட்டு மூடி, கிளம்புவதற்கு அரைமணி முன்னால் வெராந்தாவில் வைத்துவிட்டேன். பிறகு தொல்லை இல்லை.

அந்த ஊரில் வெளிச்சத்துக்குப் பொறுமை கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஆறு பாகைதான் தூரம். சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்காது, கிணற்றில் வாளி விட்டமாதிரி நேராக இறங்கும். சூரியன் மறைந்தபின் வானம் நீலமாக மினுங்கும் நீல நேரம் என்று நாம் காத்திருப்பது இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஆகவே மாலையில் எங்கே நிற்பது என்பதை மத்தியானமே முடிவு செய்துகொள்ள வேண்டும். கலங்கரை விளக்கத்தை எடுப்பதானால் தென்மேற்கு மூலையில் மதில்மேல் நின்று கிழக்கே பார்ப்பதுதான் என் தேர்வு. மாலை வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், 26.5 மீட்டர் வெள்ளைக் கோபுரம் தேன் நிறத்துக்கு வரும். அதன் எதிரில் இருக்கும் மீரான் பள்ளிவாசலை முதலில் பார்ப்பவர்கள் சர்ச் என்றுதான் நினைப்பார்கள். 1904-ல் கட்டியது, இரட்டைக் கோபுரம். வெள்ளைச் சுவரைக் காமிரா தன் போக்கில் விட்டால் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக ஏற்றி எடுங்கள்.

கோட்டையின் தெற்கு முனையான ஃபிளாக் ராக் பக்கம் மதிலிலிருந்து கடலில் குதிக்கும் பையன்கள் உண்டு. காசு கொடுத்தால் குதிப்பார்கள். கீழே பாறை, அலை ஏறும் கணம் பார்த்துத்தான் பாய வேண்டும். ஒருவனுக்குக் கொடுத்தேன். ஷட்டரை 1/2000 நொடிக்கு வைத்து, தொடர் ஷாட்டில் விரலை அழுத்தினேன். பார்த்தால் அவன் குதிப்பதற்கு முந்தைய பதினொரு படங்களும் தண்ணீர் தெறித்த பிந்தைய நான்கும். அந்தரத்தில் ஒன்றுகூட இல்லை. ஈரத்தோடு மேலே ஏறிவந்து திரையைப் பார்த்தான், சிரித்தான், இரண்டாவது குதிப்புக்குப் பாதிக் காசு என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். என் படத்துக்காக ஒருத்தன் இரண்டு தடவை அந்தப் பாறைகளுக்கு நடுவே விழுவதைப் பார்க்க மனசு வரவில்லை. பக்கத்தில் உள்ள கொக்கலையில் கடலில் நட்ட கம்பத்தில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். இப்போது பெரும்பாலும் படத்துக்காகவே ஏறி உட்காருகிறார்கள். நானும் காசு கொடுத்து எடுத்தேன், காலண்டர் படம் மாதிரி வந்தது. அவ்வளவுதான்.

வடக்கு மதிலில் நின்றால் கிரிக்கெட் மைதானம் காலடியில். 2010 ஜூலை 22-ல் முரளிதரன் 800-ஆவது விக்கெட்டை எடுத்த இடம். அன்றைக்கு நானும் இங்கேதான் நின்றேன் என்று இரண்டு நாளில் என்னிடம் நான்கு பேர் சொன்னார்கள். சொல்பவர்கள் எல்லோரும் உண்மையிலேயே நின்றிருந்தால் மதில் தாங்கியிருக்காது.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். பெட்லர் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மரத்தூண் வைத்த பழைய வெராந்தாவில் ஒரு பெரியவர் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாரம் (லுங்கி), மேலே கைவைத்த பனியன். தூணின் நிழல் அவர் நெஞ்சின் குறுக்கே விழுந்திருந்தது, கையில் பாதி குடித்த பிளேன்டீ, பால் விடாத தேநீர். எதிர்ச்சுவரோரம் ஒதுங்கி, 50 எம்.எம். லென்ஸில் இரண்டு மூன்று எடுத்தேன். பக்கத்தில் நின்ற மனைவியிடம், குரலைக்கூடத் தாழ்த்தாமல், "கிழவர் இன்னும் ஒரு நிமிஷம் அசையாம இருந்தா போதும். பனியன்ல அந்தக் கிழிசல்கூட நல்லா வந்திருக்கு" என்றேன்.

"அசையாமத்தான் இருக்கேன் மகன். எடுத்து முடிஞ்சா சொல்லுங்க, டீ ஆறுது."

தமிழில். நல்ல கணீரென்ற தமிழில்.

காது வரைக்கும் சூடேறியது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. காலிக் கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, அதுதான் கொடுமை. முந்தின வாரம்தான் கொழும்பு அருங்காட்சியகத்தில் அந்த மும்மொழிக் கல்லின் முன் அரைமணி நின்றிருந்தேன். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல், 1409 என்று தேதி போட்டது. சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. அதைக் கண்டெடுத்தது இந்தக் காலியில்தான், 1911-ல். சீனாவிலிருந்து வந்தவனுக்கே இந்தக் கரையில் தமிழ் வேண்டும் என்று அறுநூறு வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. கல்லைப் படமெடுத்துவிட்டு வந்த எனக்கு, எதிர்வெராந்தாவில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று தோன்றவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "எங்க, காட்டுங்க" என்று காமிராவை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேணாம். பனியனோட இருக்கேன், பேரப்புள்ளைங்க பாத்தா சிரிக்கும். அழிச்சிருங்க."

மூன்றையும் அவர் கண்முன்னால் அழித்தேன். இதைப் படிக்கும் உங்களில் சிலர், ரெகவரி மென்பொருள் போட்டு எடுத்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். அன்று இரவு நானும் நினைத்தேன். கேட்காமல் எடுத்ததே ஒரு திருட்டு, அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு மீட்பது இன்னொன்று. கார்டை மறுநாளே ஃபார்மட் செய்துவிட்டேன். அந்தப் பயணத்தில் நான் எடுத்த நல்ல படம் அதுதான், இப்போதும் சொல்வேன்.

அவர் உள்ளே போய் வெள்ளைச் சட்டை, தொப்பி சகிதம் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எடுத்தேன். பாஸ்போர்ட் படம் மாதிரி இருந்தது. அவருக்குப் பரம திருப்தி.

அப்புறம்தான் கேட்டார். "பழைய போட்டோவ இதுல எடுக்க ஏலுமா?"

கூடத்துச் சுவரிலிருந்து ஒரு சட்டகத்தை இறக்கினார். அவருடைய வாப்பா, அதாவது அப்பா, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்ததாம். மாணிக்கக்கல் வியாபாரம். கோட், துருக்கித் தொப்பி, மதிலின் விளிம்பில் ஊன்றிய இடது கை. பின்னால் கலங்கரை விளக்கம். பழைய விளக்கம் எரிந்துபோய், இப்போதுள்ளது 1939-ல் வந்தது. படத்தில் இருந்தது புதியது, சுண்ணாம்பு காயாத வெள்ளை.

படம் உப்புக்காற்றில் ஓரமெல்லாம் மஞ்சளித்து, ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இப்படி ஒட்டியதைப் பிரிக்கவே கூடாது, முகத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடி வழியாகத்தான் எடுக்க வேண்டும், ஆனால் அதில் நானும் காமிராவும் ஜன்னலும் தெரிகிறோம். ஃபிளாஷ் பேச்சே இல்லை. கறுப்புத் துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளிருந்து அந்த வீட்டு அம்மா தன்னுடைய கறுப்பு அபாயா அங்கியைக் கொடுத்தனுப்பினார்கள். மனைவி ஒரு கையும் வீட்டுப் பேரன் ஒரு கையுமாகப் பிடிக்க, கழுத்து வழியாக லென்ஸை மட்டும் வெளியே நீட்டினேன். சட்டகத்தை மேசையில் செங்குத்தாக நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி திருப்பினோம். எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, முக்காலி, இரண்டு நொடி டைமர். கண்ணாடியில் இருந்த எங்கள் பிம்பம் எல்லாம் கறுப்பில் கரைந்து, வாப்பா மட்டும் நின்றார். பேரன் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வாப்பாட வாப்பாட வாப்பாக்கு மோதிரம் ஈக்கி!" என்று கத்தினான். ஊன்றிய கையின் சுண்டுவிரலில் ஒரு கல் மோதிரம். இத்தனை வருஷமாகச் சுவரில் தொங்கிய படத்தில் அதை யாரும் பார்த்ததில்லையாம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த விரலை மட்டும் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குத்தான் அங்கிருந்து கிளம்பினோம். வெளிச்சம் போயே போய்விட்டது. வயிற்றில் இரண்டு பிளேன்டீயும் வட்டிலப்பம் என்ற இனிப்பும் இருந்ததால் குறை சொல்ல முடியவில்லை.

கடைசி நாள் காலையில், ரயிலுக்கு முன்னால், அந்தப் படத்தை போனில் வைத்துக்கொண்டு மதில்மேல் நடந்தேன். கோபுரத்தின் ஜன்னல்களையும் மதிலின் வளைவையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு இடத்தை ஒருவழியாகப் பிடித்தேன். முந்தின இரண்டு மாலையும் நான் முக்காலி போட்ட இடத்திலிருந்து பத்தடிகூட இல்லை. அவர் படத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது, கோபுரம் அடிமுதல் தெரிகிறது. இப்போது அங்கே நின்றால் தென்னைகள் பாதியை மறைத்துவிடுகின்றன. மனைவியை இரண்டடி இடப்பக்கம் நகரச் சொல்லி, இடது கையை மதிலில் ஊன்றச் சொன்னேன். கல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது, "சீக்கிரம் எடு" என்றாள்.