பழைய இழைப்பு இயந்திரத்தைச் சீர்செய்தபோது: சில அனுபவங்கள்

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

பழைய தச்சு இயந்திரங்களை வாங்குவோர் பெரும்பாலும் தேய்மானத்தைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, தேய்ந்துபோன இயந்திரத்தைவிட யாரோ அரைகுறையாகப் பழுதுபார்த்துக் கைவிட்ட இயந்திரமே அதிகம் படுத்தியிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன், மூடப்படவிருந்த ஒரு மர அறுவை ஆலையில் 12 அங்குல பிளேனர் (பலகையின் முகத்தை இழைக்கும் இயந்திரம்) ஒன்றை வாங்கினேன். வார்ப்பிரும்பு உடல், இரண்டு பிளேடு கட்டர் பிளாக் (பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் உருளை), பளபளக்கும் புதுப் பச்சைப் பெயின்ட். அந்தப் பெயின்ட்தான் எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கியது. பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதைப் போல, சிறு சுத்தியலால் அடிப்பாகம் முழுவதையும் தட்டிக்கொண்டே வந்தேன். கணீரென்று ஒலித்த இரும்பு ஒரு காலருகே மட்டும் மந்தமாக ஒலித்தது. பெயின்ட்டைச் சுரண்டியபோது ஒரு சாண் நீளத்துக்குப் பழைய வெல்டிங் தெரிந்தது. அது மேசையைத் தாங்கும் இடமல்ல என்பதால் விலையைக் குறைத்துப் பேசி எடுத்துக்கொண்டேன்.

பட்டறைக்குக் கொண்டுவந்து பேரிங்குகளை மாற்றி, பிளேடுகளைச் சாணை பிடித்து ஓட்டியபோதும், தேக்குப் பலகையின் முகத்தில் விரல் நுனிக்குத் தட்டுப்படும் அளவுக்கு அலை அலையான வரிகள் விழுந்தன. பிளேடு சரியில்லை என்று எண்ணி மூன்று முறை கழற்றி மாட்டினேன். கடைசியில்தான் மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் படித்தேன்: நிமிடத்துக்கு 1440 சுற்று. புல்லிகளோ மோட்டாரில் 150 மி.மீ., கட்டர் பிளாக்கில் 90 மி.மீ. அந்தப் புல்லிகளுக்கு 2880 சுற்று மோட்டார் இருந்தால்தான் கட்டர் 4800 சுற்றில் ஓடும். எரிந்துபோன பழைய மோட்டாருக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை யாரோ மாட்டியிருக்கிறார்கள். 2400 சுற்றில் இரண்டு பிளேடுகள் நிமிடத்துக்கு 4800 வெட்டுகள்தான் வெட்டும். நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் பலகையைத் தள்ளினால் வெட்டுக்கு வெட்டு 1.25 மி.மீ. இடைவெளி விழுகிறது. சரியான வேகத்தில் அது பாதியாகக் குறையும். மோட்டாரின் புல்லியை 300 மி.மீ. ஆக்கலாம் என்று முதலில் நினைத்தேன், அடிப்பெட்டிக்குள் அது அடங்காது. ஆகவே 2880 சுற்று மோட்டாரையே தேடிப் பிடித்தேன். முதல் ஓட்டத்தில் அது தலைகீழாகச் சுற்றியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூன்று ஃபேஸ்களில் இரண்டை மாற்றிக் கொடுத்ததும் சரியாயிற்று.

அடுத்தது மேசை. பலகை வெளியேறும் பக்கத்து மேசை, பிளேடு முனை எட்டும் உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும். அது தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் பள்ளம் விழும். உயர்ந்திருந்தால் பலகை அதன் விளிம்பில் முட்டும். இதைச் சரிபார்க்க நான் எந்தக் கருவியையும் வாங்கவில்லை. ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, நேராக இழைத்த ஒரு தேக்குச் சட்டத்தை அந்த மேசையிலிருந்து கட்டர் பிளாக்கின் மேல் நீட்டி வைத்து, பிளாக்கைக் கையால் மெல்லச் சுற்றுவேன். பிளேடு சட்டத்தைத் தொட்டு ஏறக்குறைய 3 மி.மீ. நகர்த்தினால் போதும். இரண்டு பிளேடுகளும், ஒவ்வொன்றின் இரு ஓரங்களும், அதே அளவுக்கு நகர்த்த வேண்டும். என் இயந்திரத்தில் ஓர் ஓரம் 3 மி.மீ. நகர்த்தியது, மற்றது தொடவே இல்லை. மேசையின் சறுக்குப் பாதையைக் கழற்றிப் பார்த்தால், எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன பீடிக்கட்டுக் காகிதம் நான்காக மடிக்கப்பட்டு உள்ளே செருகப்பட்டிருந்தது. அதை வைத்தவரை எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை, அன்றைய வேலை அவருக்கு முடிந்திருக்கும். ஆனால் காகிதம் நசுங்கும், எண்ணெய் குடிக்கும், மேசை மறுபடியும் சாயும். அந்த இடத்தில் 0.1 மி.மீ. பித்தளைத் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, இரண்டாவது தகட்டில் நிறுத்தினேன்.

செங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா சொல்வதை அப்படியே ஆமோதிக்கிறேன். எங்கள் மரக்கடையில் உள்ள பழைய பேண்ட்சாவில் (இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பிளேடு கொண்ட வாள் இயந்திரம்) எந்தப் புது பிளேடைப் போட்டாலும் அது சக்கரத்தின் முன் விளிம்புக்கே ஓடிவந்துவிடும். பிளேடைக் குறை சொன்னோம், சக்கரத்தின் ரப்பரை மாற்றினோம், மேல் சக்கரத்தின் சாய்வைத் திருகித் திருகிக் கை ஓய்ந்தது. பிறகு வீடு கட்டும் கொத்தனார் செய்வதைப் போல, மேல் சக்கர விளிம்பிலிருந்து கீழ்ச் சக்கர விளிம்பு வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தேன். மேல் சக்கரம் 4 மி.மீ. உள்ளே தள்ளி நின்றது. எங்களுக்கு முன் பேரிங் மாற்றியவர், பேரிங்குக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய வளையத்தைத் திரும்பப் போடவில்லை. கடைசல் பட்டறையில் 4 மி.மீ. கனத்தில் ஒரு வளையம் கடைந்து வாங்கிப் போட்டோம். இப்போது அதே பிளேடு சக்கரத்தின் நடுவில் ஓடுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

கடற்கரை ஊர்க்காரனான எனக்குத் துரு அன்றாடத் தொல்லை. நான் வாங்கிய பிளேனரின் மேசையில், விற்றவர் துருவை நீக்குவதற்காக கிரைண்டரை ஓட்டி இரண்டு இடங்களில் பள்ளம் பறித்துவிட்டார். நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் அடியில் 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) தடையின்றிப் போகிறது. துருவையே அப்படியே விட்டிருந்தால் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு ஒரு நாளில் தேய்த்து எடுத்திருப்பேன்.

சிறு உறுப்புகளுக்கு நான் சலவை சோடா கரைத்த நீரும் பேட்டரி சார்ஜரும் பயன்படுத்துகிறேன். துருப்பிடித்த உறுப்பை எதிர் முனையிலும் வேண்டாத இரும்புத் துண்டை நேர் முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓர் இரவு வைத்தால், மறுநாள் துரு கரிய சேறாகக் கழன்று வரும். எவர்சில்வர் துண்டை நேர் முனையில் மாட்டக் கூடாது, அதிலிருந்து வெளிவரும் குரோமியம் நஞ்சாகும். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருவதால் கொல்லைப்புறத்தில் திறந்த வெளியில்தான் வைக்கிறேன். மேசையில் அந்த இரண்டு பள்ளங்களும் இன்னும் இருக்கின்றன. மெல்லிய சட்டங்களை இழைக்கும்போது அந்தப் பக்கத்தைத் தவிர்த்து, வேலிச்சட்டத்தை (பலகையை அணைத்துத் தள்ளும் பக்கச் சட்டம்) நான்கு அங்குலம் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.